போய் உட்காருவதில் தொடங்குகிற கிறிஸ்தவ வாழ்க்கை

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தீர்ப்பு நாளில் ஆண்டவர் எதைக் கேட்பார் என்பது அதில் இருக்கிறது. எத்தனை நவநாள் முடித்தாய், எத்தனை திருத்தலம் போய் வந்தாய் என்ற பேச்சே அங்கு வரவில்லை. பசியாய் இருந்தேன், தாகமாய் இருந்தேன், அந்நியனாய் இருந்தேன், உடுக்கத் துணியில்லாமல் இருந்தேன், நோயாய்க் கிடந்தேன், சிறையில் இருந்தேன் என்று ஆறு நிலைமைகளைச் சொல்கிறார். சிறை என்று வரும்போது, என்னை வெளியே எடுத்துவிட்டீர்கள் என்று அவர் சொல்லவில்லை, என்னைத் தேடி வந்தீர்கள் என்றுதான் சொல்கிறார். வந்ததையே பெரிய காரியமாக எடுத்துக்கொள்கிறார்.

தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் இருக்கிற நமக்கு இது ரொம்பப் பக்கத்தில் இருக்கிற வசனம். மீன்பிடிக்கப் போய் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட நம் ஆட்கள் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சிறையில் இருக்கிறார்கள். அவர்களை நம்மால் போய்ப் பார்க்க முடியாது, ஆனால் அவர்களுடைய வீடு நம் தெருவில்தான் இருக்கிறது.

இரக்கம் என்றால் பெரிய தொகை வேண்டும், டிரஸ்ட் வேண்டும், ஃபாதர் முன்னால் நின்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் தொடங்காமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் போக வேண்டும், போய் உட்கார வேண்டும், மறுபடியும் போக வேண்டும். மற்ற உதவிகளுக்கு வழி அதற்கப்புறம் தெரியும், போகாமல் வீட்டில் இருந்தபடியே யோசித்துச் செய்கிற உதவி பாதி நேரம் தப்பான இடத்தில்தான் போய் விழும்.

ஒரே ஒரு வீட்டில் தொடங்குங்கள்

ஊரையே தாங்க வேண்டாம். காலை செபத்தில் ஒரே ஒரு பெயரை எடுத்து, ஆண்டவரே இவருக்கு இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம் அதே கேள்வியை அந்த ஆளிடமே போய்க் கேளுங்கள். மாற்கு 10-இல் பர்த்திமேயு வழியோரத்தில் உட்கார்ந்து கத்துகிறார், கூட்டம் அவரை அதட்டுகிறது, இயேசு நின்றுவிடுகிறார். பார்வையில்லாத மனிதருக்கு என்ன வேண்டும் என்று அங்கே யாருக்குத்தான் தெரியாது? இருந்தாலும் உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லும்படி கேட்கிறார். நம் ஊரில் உதவி செய்கிற பலர் விட்டுவிடுகிற இடம் இதுதான், கேட்காமலேயே அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அந்த வீட்டுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஓர் ஆளாக இருக்கும்.

எந்த வீடு என்று எப்படித் தெரியும்? பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்து இப்போது வராமல் போனவர் யார் என்று பாருங்கள். ஞாயிறு பூசையில் தூண் பக்கத்து இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் எல்லாரும் சவுதியிலும் குவைத்திலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் அப்பாவுக்கு மாதாமாதம் பணம் வரும், பேச ஆள் வராது. இப்படி ஒருவர் பெயர் உடனே மனதில் வந்திருந்தால் அவர்தான், வேறு ஆளைத் தேட வேண்டாம்.

போகும் நேரமும் உட்காரும் விதமும்

நேரம் முக்கியம். கடலுக்குப் போன விசைப்படகு கரைக்கு வருகிற காலை வேளையில் போகாதீர்கள், அப்போது மீன் இறக்கி, தரம் பிரித்து, ஏலம் முடிந்து, கூலி பிரிக்கிற வரைக்கும் யாருக்கும் யாரையும் பார்க்க நேரம் இருக்காது. படகிலிருந்து வந்த மனிதர் தூங்கி எழும் முன்னால் போகாதீர்கள். குடிதண்ணீர் வருகிற நேரத்தில் போனால் குடத்தைத் தூக்கத் தயாராகப் போங்கள். மாலை நாலு, நாலரை மணிவாக்கில் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள், அதுதான் நல்ல நேரம்.

நாற்காலி எடுத்துப் போட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர்கள் தரையில் இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். போனைப் பைக்குள் போடுங்கள். கையில் வைத்துக்கொண்டு கவிழ்த்து வைத்தால்கூட ஒவ்வொரு முறை அது அதிரும்போதும் எதிரே இருப்பவரின் கண் அங்கே போகும், பேச்சு நின்றுவிடும்.

கையில் ஏதாவது வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். இது நான் எல்லாருக்கும் சொல்கிற ஒன்று. முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்து, சொல்லுங்க உங்க கஷ்டத்தை என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூச்சமாக இருக்கும். கருவாட்டுக்கு மீனைக் கீறிக்கொண்டிருக்கும்போது, வலையில் சிக்கெடுக்கும்போது, பூண்டு உரிக்கும்போது வாய் தானாகத் திறக்கும். கடல்பாசி எடுக்கிற அக்கா ஒருத்தியோடு சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். விரல்களில் சுற்றியிருந்த துணிக்கிழிசலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாறையில் உரசி நகக்கண்ணெல்லாம் வெளுத்து, ஓரத்தில் வெடித்திருந்தது. சுண்டுவிரலில் முடிச்சு இறுகிப்போய் அவளால் அவிழ்க்க முடியவில்லை, நான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அதற்கப்புறம்தான், "எம் மக வந்து ஒரு மாசமா வீட்டுல இருக்கா, மாப்பிள்ளை கூப்பிட வரலை" என்று பேசத் தொடங்கினாள். பதிலுக்கு நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, அடுத்த விரலுக்குப் போனேன்.

என்ன பேசுவது என்று பலர் பயந்தே போகாமல் இருக்கிறார்கள். "சாப்டீங்களா மதினி", "ராத்திரி தூங்கினீங்களா" என்ற இரண்டு கேள்வி போதும். தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் வராத உண்மை வரும். சொல்லக்கூடாததைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் இன்னும் அவசியம். எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்லாதீர்கள், அது உண்மையா இல்லையா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை, அழுகிறவர் காதில் அது கடவுளே இதைச் செய்தார் என்றுதான் விழும். அழாதே என்று சொல்லாதீர்கள். எங்க சித்தி வீட்லயும் இப்படித்தான் என்று உங்கள் கதைக்குப் போய்விடாதீர்கள். யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று அந்தப் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் செய்ததிலேயே நல்லது அந்த ஏழு நாள்தான், வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. லாசரை எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும், தெரிந்தும் கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். பதில் கையில் இருக்கிறவரே முதலில் அழுதிருக்கிறார், பதில் இல்லாத நமக்கு என்ன அவசரம்?

செபம் சொல்லலாமா என்றால், சொல்லலாம், அவர்கள் கேட்டால். கேட்காவிட்டால் கிளம்பும்போது, "ஒரு பரலோக மந்திரம் சொல்லிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள், கடவுள் மேல் கோபமாக இருக்கவும் மனிதருக்கு உரிமை உண்டு, திருப்பாடல்களில் பாதி அப்படித்தான் கத்துகின்றன.

படகு பிடிபட்ட வீடு

இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையில் இது அடிக்கடி நடக்கிறது.

விடியும் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் படகு எண் வந்துவிடும், பின்னாலேயே பெயர்ப் பட்டியல் வரும். முதல் நாள் அந்த வீட்டில் கூட்டம் நிற்கும். சொந்தக்காரர்கள், சங்கத் தலைவர்கள், மைக்கோடு டிவிக்காரர்கள். அன்றைக்கு நீங்கள் போக வேண்டும் என்று கட்டாயமில்லை, போனாலும் வாசலில் நின்று திரும்பத்தான் முடியும். மூன்றாம் நாள் போங்கள். கூட்டம் கலைந்திருக்கும், அடுப்பு எரியாமல் இருக்கும், அந்தப் பெண் சார்ஜர் கம்பியோடு சேர்த்துப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள், ஒவ்வொரு ரிங்குக்கும் உடம்பு தூக்கிப் போடும். சோறு கொண்டுபோனால் தட்டில் போட்டு வைத்துவிட்டு வராதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், அப்போதுதான் இரண்டு வாய் உள்ளே போகும்.

அதற்கப்புறம் கையோடு செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பிடிபட்டவரின் ஆதார், மீனவர் அடையாள அட்டை, ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ எல்லாவற்றையும் தேடி எடுத்து இரண்டு மூன்று செட் ஜெராக்ஸ் போட்டு ஒரு கவரில் வையுங்கள், மீன்துறை அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். மனு எழுத உதவுங்கள், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குக் கூடவே போங்கள், வரிசையில் அவளுடைய கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பதற்கும் ஓர் ஆள் வேண்டும். ஆனால் அவளுக்காக நீங்களே பேசிவிடாதீர்கள். அதிகாரி கேட்டால் அவள் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

வழக்கு அந்தப் பக்கம் மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ நடக்கும். விடுதலை ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, காவல் நீட்டிப்பு என்று அடுத்த தேதி சொல்லிவிடுவார்கள். அந்தத் தேதிகளை உங்கள் வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாள் மத்தியானம்தான் அந்த வீட்டுக்கு மிக மோசமான நேரம், அன்றைக்குப் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். மற்ற நாளில் ஒரு மணி நேரம் இருப்பதைவிட அந்த நாளில் பத்து நிமிடம் இருப்பது மேல்.

அவர் விடுதலையாகி கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து வண்டியில் ஊர் சேர்ந்து, சால்வை போட்டு எல்லாம் முடிந்தவுடன் ஊர் அவரை மறந்துவிடும். படகு அங்கேயே நிற்கும், பெரும்பாலும் திரும்பி வராது. 2018-இல் இலங்கை தன் வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு அபராதம் பல மடங்கு ஏறிவிட்டது. ஓட்டுநராகவோ கூலியாகவோ போனவருக்கு வேலை இல்லை, முன்பணம் வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது, ராத்திரி இரும்புக் கதவுச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மனைவிக்குத் துணையாக அத்தனை நாள் போன நீங்கள், இப்போது அவருக்காகப் போக வேண்டும். ஆண்களைப் பார்க்க ஆண்கள்தான் போக வேண்டியிருக்கும், டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள், சிறையைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள்.

இதோடு சேர்த்து, கேட்கக் கஷ்டமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல சமாரியன் உவமையில், எனக்கு அடுத்திருப்பவர் யார் என்ற கேள்விக்கு, பகையாளி இனத்து ஆளைக் காட்டினார் ஆண்டவர். நம் விசைப்படகு இழுக்கிற இழுவைமடி அறுத்துக்கொண்டு போன வலைக்குச் சொந்தக்காரர், இலங்கைப் பக்கம் நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருக்கிறார். அவரும் தமிழ் பேசுகிறார், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் நம்மோடு அதே பூசையில் முழங்கால் போடுகிறார். நம் வீட்டுக் கண்ணீருக்குப் பக்கத்தில் அவருடைய வீட்டையும் செபத்தில் வையுங்கள். திருவிழாவுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால் அந்தப் பக்கத்து மனிதர் ஒருவரோடு உட்கார்ந்து, உங்க வலை போச்சே என்று கேளுங்கள். அரசியலை இது தீர்க்காது. ஆனால் ஆண்டவர் சொன்ன அந்த உவமையை வாசித்துவிட்டு இதைச் செய்யாமல் இருக்க எனக்கு வழி தெரியவில்லை.

உடல் கிடைக்காத மரணம்

சாதாரணமாகக் கேதம் கேட்கப் போவது நமக்குத் தெரியும், ஊரே போகும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலில் காணாமல் போனவர் வீடு வேறு மாதிரி. அடக்கம் இல்லை, கல்லறை இல்லை, ஏழாம் நாள் எப்போது என்று எண்ண நாள் இல்லை. ஒருவரைப் பற்றி ஏழு வருடம் தகவலே இல்லாமல் இருந்தால்தான் சட்டம் அவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும், அதுவரை இறப்புச் சான்றிதழுக்கும் அதை வைத்துக் கிடைக்க வேண்டிய காசுக்கும் அந்தப் பெண் அலைய வேண்டியிருக்கும். தாலியைக் கழற்றவா வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டிருக்க, உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதில் நீங்கள் கருத்தே சொல்லாதீர்கள். அவள் அவரைப் பற்றி நிகழ்காலத்தில் பேசினால் நீங்களும் நிகழ்காலத்தில் பேசுங்கள், இறந்தகாலத்துக்கு அவளாக எப்போது மாறுகிறாளோ அப்போது நீங்களும் மாறுங்கள்.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதில் உடல் கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். அந்த ஊர் ஆலயத்தின் சுவர் இன்னும் மணலில் நிற்கிறது, சுற்றுலா வந்தவர்கள் போட்டோ எடுக்கிறார்கள். அந்த ராத்திரியை நினைவு வைத்திருக்கும் வயசானவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் ஏற்பாட்டில் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வாரத்தில் அவர்களில் ஒருவரைப் போய்ப் பாருங்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால் பேசுவார்கள், திரும்பத் திரும்ப ஒரே கதையைச் சொன்னாலும் முதல்முறை கேட்பதுபோலக் கேளுங்கள்.

கரையில் நிற்பவர்கள்

மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று அவரைச் சொல்கிறார்கள். ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்களிடம் போர்த்துக்கீசியர் வரி பிடுங்கியதில் வந்த சண்டை அது, அவர்கள் செய்தது அநியாயம்தான், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அதை எதிர்த்துப் படை வந்தபோது கடலில் கப்பல் தயாராக நின்றது, அவரும் ஏறிப் போயிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றி அனுப்புகிற வேலையிலேயே கரையில் நின்றுவிட்டார், ஏறவில்லை. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-இல் தலை வெட்டப்பட்ட போர்ச்சுகல் குரு அருளானந்தர் கதை நம் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவர் ஒருமுறை பிடிபட்டு அடிபட்டு போர்ச்சுகலுக்கே போய்விட்டு, அங்கே வசதியாக இருக்க வழியிருந்தும், மறுபடியும் இந்த மறவர் சீமைக்குத் திரும்பி வந்தவர் என்பதை நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. ஓரியூர் சிவப்பு மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு வரும்போது அந்தத் திரும்பி வருதலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தடைக்காலத்தில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அரசு நிவாரணம் வரும், அது போதாது, அதிலும் ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், கருவாடு வாங்கி விற்கும் பெண்கள் பலருக்கு அந்தப் பட்டியலில் பெயரே இருக்காது. மே மாதத்தில் நகை அடகுக்குப் போகும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு, சீருடை, பீஸ் என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும், படகும் அப்போதுதான் கிளம்பும், கையில் காசு வர இன்னும் ஒரு வாரம் ஆகும். உதவி செய்ய நினைப்பவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுப்பதைக் கொஞ்சம் குறைத்து ஜூன் முதல் இரண்டு வாரத்துக்கு எடுத்து வையுங்கள்.

பசியோடு நிற்பவரைப் பார்த்து, சமாதானமாய்ப் போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கிறார். அதனால் உட்காருவதைப் பற்றியே நான் பேசிக்கொண்டிருப்பதால் கொடுக்க வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கொடுக்க முடிந்ததைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கும் விதம்தான் பேச்சு. இருட்டிய பிறகு கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் அவர்கள் கணக்கில் கட்டிவிட்டு யார் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடனாகக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் மனசு கசக்காத தொகையை மட்டும் கொடுங்கள். திருப்பித் தர முடியாதவர் உங்களைக் கண்டால் சந்து மாறிப் போகத் தொடங்குவார், அப்புறம் காசும் போய் ஆளும் போய்விடும்.

மனம் சரியில்லாதவர்கள் இருக்கும் வீடு

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. நம் மாவட்டத்தில் இருக்கிற எந்தக் கிறிஸ்தவரும், எந்த மனிதரும், இதை மறக்கக்கூடாது. கட்டிப்போட்டவர்கள் எல்லாரும் கொடியவர்கள் கிடையாது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஊர் பேச்சுக்குப் பயந்து, கடைசி வழியாகக் கொண்டுவந்து விட்ட தாயும் தகப்பனும்தான் அதிகம். அந்தத் தாயோடு ஒருநாளாவது உட்காரும் ஆள் ஊரில் இருந்திருந்தால் என்று நினைக்கிறேன்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், பேய் பிடித்திருக்கிறது, பாவம் செய்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அந்தப் பையனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அவனைப் பற்றி அவன் எதிரிலேயே அம்மாவிடம் விசாரிக்காதீர்கள். இரண்டு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்க போய்த் தூங்குங்க என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அதைவிடப் பெரிய உதவி அவளுக்கு இல்லை. மருந்து நிறுத்தாமல் சாப்பிட வையுங்கள், செபத்துக்கும் மாத்திரைக்கும் சண்டை இல்லை, ஏர்வாடி தர்காவிலேயே துவாவோடு சேர்த்து மருத்துவமும் கொடுக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

உதவியைத் தூண்டிலில் இரையாக வைக்காதீர்கள்

கீழக்கரையிலும் தொண்டியிலும் பெரியபட்டினத்திலும் நம்மைச் சுற்றி முஸ்லிம்கள், ராமேஸ்வரத்தில் எல்லாச் சாதி இந்துக்களும், மண்டபம் மறுவாழ்வு முகாமில் இலங்கையிலிருந்து வந்து தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பங்கள். இவர்கள் வீட்டுக்குப் போகும்போது பைக்குள் துண்டுப் பிரசுரம் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் கண்டிப்பாக வேண்டாம். அவரால் எழுந்து போக முடியாது, அந்த நேரத்தில் மதம் பேசுவது அவருடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது. சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் வெள்ளிக்காசு கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான், அடிபட்டவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று கேட்கவில்லை. நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் வீட்டு நோன்புக் கஞ்சியை வாங்கிக் குடியுங்கள், வாங்கிக்கொள்ளவும் தெரிந்தால்தான் உறவு.

முகாமுக்குப் போகும்போது கேம்ப் ஆட்கள் என்று பேசுவதை நிறுத்துங்கள். ஊர் எது என்று கேளுங்கள், மன்னாரா, முல்லைத்தீவா, அங்கே வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள், சொல்ல அவர்களுக்கு நிறைய இருக்கிறது.

தனியாகப் போகாதீர்கள், தீர்ந்துபோகாதீர்கள்

1833-இல் பாரிஸில் பிரெட்ரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையில் ஏழை வீடுகளுக்கு இரண்டிரண்டு பேராகப் போவதுதான் வழக்கம். மரியாயின் சேனை என்ற பொதுநிலையினர் சபையிலும் அப்படியே. சேனையில் இன்னொரு விதியும் உண்டு, சந்திக்கப் போகும் வீட்டுக்குப் பணமோ பொருளோ கொடுக்கக்கூடாது. முதலில் கேட்பதற்குக் கடுமையாகத் தெரியும், ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் போகும்போதுதான் நாம் வெறும் மனிதராகப் போய் உட்காரக் கற்றுக்கொள்கிறோம். இரண்டு சபையும் பல பங்குகளில் இருக்கின்றன, உங்கள் பங்கில் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள். துணையோடு போனால் ஊர் வாய்க்கும் இடமில்லை, போக மனமில்லாத நாளில் இன்னொருவர் இழுத்துக்கொண்டு போவார்.

கேட்டது வாயை விட்டு வெளியே போகக்கூடாது. அன்பியத்தில் செப வேண்டுதல் என்ற பெயரில்கூட வேண்டாம், இன்னாருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அந்த வீட்டுக் கதையைப் பரப்பிவிடுவது நம்மிடையே சகஜமாக நடக்கிறது. ஆனால் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098 என்ற உதவி எண்ணுக்கும், பெண் அடிபடுகிறாள் என்றால் 181 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள், உயிரை விடப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியாக விடாமல் உடனே அந்த வீட்டில் நம்பிக்கையான ஆளுக்கும் மருத்துவருக்கும் சொல்லுங்கள். அங்கே ரகசியம் காப்பது இரக்கம் ஆகாது. பொறுமையாக இரும்மா, சிலுவையைச் சுமந்துகொள் என்று அடிபடுகிற பெண்ணிடம் சொல்வதை நம் ஆட்கள் நிறுத்த வேண்டும், கணவன் கையால் அடிபடுவது எந்தச் சிலுவையும் கிடையாது.

ஓய்வும் எடுங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் சீடர்கள் அலைந்தபோது, தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுங்கள் என்று இயேசுவே சொன்னார், மாற்கு 6-இல் இருக்கிறது. வாரத்தில் ஒரு வீடு போதும். சொந்த வீட்டுக்கும் இதே முறைதான், வெளியே போய் மணிக்கணக்கில் கேட்டுவிட்டு, வீட்டில் மாமியார் பேச வரும்போது போனைப் பார்த்துக்கொண்டு ம் கொட்டக் கூடாது.

கிளம்பும்போது

நல்லது, வரேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். மறுபடி எப்போது வருவீர்கள் என்று நாளைச் சொல்லுங்கள், வியாழக்கிழமை சாயங்காலம் வரேன் மதினி என்று. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் எல்லாரும் நின்றுவிடுவார்கள், அதனால் நாற்பதாம் நாள், மூன்றாம் மாதம், அவர் பிறந்தநாள், கல்யாண நாள் என்று காலண்டரில் எழுதி வையுங்கள். சொன்ன நாளில் போக முடியாமல் போனால் முன்கூட்டியே போன் செய்து வேறு நாள் சொல்லுங்கள், அவர் அன்றைக்கு உங்களுக்காக டீக்குப் பால் வாங்கி வைத்திருப்பார்.